எண் இல்லை

எங்கள் ஆலயத்தின் ஆராதனைப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு. திகதி, நடத்தியவர், வாசித்த வேதபாகம், வந்தோர் தொகை, பாட்டெண்கள். 1978 தை முதல் 1989 ஆனி வரை அதை எழுதியவன் நான். அந்தப் பதினொன்றரை ஆண்டுகளில் ஐந்தாவது கட்டத்தில் நாற்பத்தொரு இடங்களில் 'எண் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்றும் ஒரே பெண்ணால் வந்தவை.

அப்போது நான் வட்டக்கச்சியில் உபதபால் கந்தோரில் வேலை பார்த்தேன். காலையில் கதவைத் திறந்ததும் முத்திரைக் கட்டையில் திகதியை மாற்றுவதுதான் முதல் வேலை. அதில் ஒரு நாள்கூடப் பிழை விட்டதில்லை. ஆலயச் செயலாளராகவும் அதே புத்தியோடு இருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் போய், பீடத்துக்கு இடப்பக்கச் சுவரிலிருந்த பலகையில், மறுநாள் பாடவேண்டிய நான்கு பாட்டுகளின் எண்களைக் கொளுவுவேன். தகரத்தில் வெட்டி வெள்ளை மை பூசிய எண்கள். தகரம் போதாததால் ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே தகடுதான். இரண்டு முனையிலும் ஓட்டை இருக்கும். ஒரு பக்கம் கொளுவினால் ஆறு, திருப்பிக் கொளுவினால் ஒன்பது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

அந்தப் பெண் முதன்முதலாகப் பாடியது 1978 ஆவணி, இரண்டாம் ஞாயிறு. பிரசங்கம் முடிந்து எல்லோரும் கண்ணை மூடி மௌனமாகச் செபித்துக்கொண்டிருந்தோம். கதவோரம், பெண்கள் பக்கத்தில், வாங்குப் பலகைகளுக்குப் பின்னால் விரித்த கடைசிப் பாயிலிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. ஒன்றே ஒன்று. யாரோ நுளம்பு அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று. பிறகு குரல்.

அந்தக் குரலை இனிமையானது என்று சொன்னால் பொய்யாகும். ஒரு மலைச்சரிவில் நின்று எதிர்ச்சரிவில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல் அது. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பின் மலைநாட்டிலிருந்து லொறிகளில் வந்து, வாய்க்காலுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய சனங்களில் அவர் ஒருவர். வயல்களில் கூலிக்கு நாற்று நடுவார், நெல் விளைந்தால் அருவி வெட்டுவார். வயது நாற்பது இருக்கும். நான்கைந்து கிழமையாகத்தான் ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்தார். அன்று அவர் பாடியது மழையைப் பற்றி. காடு வெட்டும்போது பிள்ளையின் காலருகே போன பாம்பைப் பற்றி. அது தீண்டாமல் போனதற்கு நன்றி. கூரைக்குக் கிடுகு இல்லாததற்கு ஒரு முறைப்பாடு. எல்லாம் ஒரே பாட்டில், ஒரே மெட்டில், யாரோ பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுப்பதுபோல வந்துகொண்டேயிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு நிமிடம். பிறகு ஒரு வரியின் நடுவில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எப்போது பாடினாலும் அப்படித்தான் முடிப்பார். கொண்டுவந்த செய்தியைச் சொல்லி முடித்தவர் போல.

ஆராதனை முடிந்ததும் ஆர்மோனியம் வாசிக்கும் மாஸ்டர் அவரைக் கூப்பிட்டார். மாஸ்டர் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், சபைக் குழுவின் தலைவர். நல்ல மனிதர். ஒழுங்கில்லாத எதையும் கண்டால் அவருக்கு உடம்பு கூசும்.

"இது என்ன மெட்டு?"

"தெரியாதுங்க."

"ஆர் எழுதின பாட்டு?"

"எழுதுனதா? இப்பத்தானங்க வந்துச்சு."

"சரி, வாற கிழமை திரும்பப் பாடுங்கோ. நான் ஸ்வரம் எழுதி வைக்கிறன்."

"அதெப்படிங்க? அது போயிருச்சே."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். என் கையில் பதிவேடு. எனக்கும் ஒரு சிக்கல் இருந்தது. "அக்கா, உங்கட பாட்டுக்கு நான் ஏதாவது இலக்கம் எழுதவேணும். புத்தகத்தில உள்ளதில எதுக்காவது கிட்டவா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"நம்பர் போட்டுக்கிட்டு வாறது பஸ்ஸுங்க, தபாலய்யா" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய், நீண்ட நேரம் யோசித்து, நான்கு எண்களுக்குக் கீழே 'எண் இல்லை' என்று எழுதினேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அங்கத்தவர் இடாப்பில் ஒரு பெயர் இருக்கிறது. ஞானஸ்நானத்தன்று நாங்கள் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. முன்பிருந்த பெயரைக் கேட்டேன். "அந்த ஆளு முங்கிப் போச்சுங்களே, இனி எதுக்கு?" என்றார். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள் என்று இன்னொரு நாள் கேட்டேன். "பேரு சொன்னா அங்க போயி என்னா செய்யப் போறீங்க?" ஒரு மனிதரைப் பற்றிக் குறித்துவைக்க வேண்டிய எல்லாவற்றையும் அவர் இப்படி என் கையிலிருந்து தட்டிவிட்டார்.

வா என்றால் வராது, நில் என்றால் நிற்காது. அவருடைய பாட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான். ஒருமுறை பாடியதை மறுமுறை பாடமாட்டார். இதில் அவரைப்போல் பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. 1979 புரட்டாதியில் விதைப்புச் செபத்துக்கு, அந்த முதல் மழைப்பாட்டைப் பாடும்படி எங்கள் உபதேசியார் கேட்டார். நிரந்தரப் போதகர் இல்லாத எங்கள் சபையை நடத்தியவர் அவர். தன்மையான மனிதர்.

"சனம் ஆசைப்படுது பிள்ளை. அந்த மழையைப் பற்றி நீங்கள் பாடினது எங்களுக்கு இன்னும் காதுக்குள்ள நிக்குது."

"நான் பழஞ்சோறு திம்பேங்க. மேல இருக்குற அவருக்கு வைக்கமாட்டேன்."

அன்று அந்த அம்மா பாடவில்லை. வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் எண் 88ஐப் பாடினோம்.

1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளைஞர் கசற் றெக்கோடரோடு வந்தார். இப்படியான பாட்டுகளைச் சேகரிப்பதாகச் சொன்னார். மூன்று ஞாயிறு எங்கள் வீட்டில் தங்கிப் போனார். மூன்று ஞாயிறும் அவருடைய மைக் கதவோரப் பாய்க்கு முன்னால் ஒரு கதிரையில் படுத்திருந்தது. அந்த அம்மா அதைப் பார்ப்பார், வெளியே பார்ப்பார், கொட்டாவி விடுவார்.

"அக்கா, ரெண்டு வரி எண்டாலும் பாடுங்கோவன்."

"என்னைய ஏன் தம்பி கேக்குறீங்க? அவரக் கேளுங்க."

"கேட்டனான் அக்கா. ஒரு மறுமொழியும் இல்லை."

"எனக்கும் இல்லீங்களே."

மூன்றாம் ஞாயிறு, கடைசி ஆசீர்வாதம் முடிந்து, இளைஞர் வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டின சத்தம் அடங்கவில்லை, கைதட்டல் கேட்டது. இருபது நிமிடம் பாடினார். இளைஞர் பெட்டியைப் பூட்டிய திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி நின்றார். பெட்டியை அவர் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று வழியில் கேட்டேன். "வெக்கமாக் கிடந்துது அண்ணை" என்றார்.

எல்லோருக்கும் அந்த வெட்கம் வரவில்லை.

அந்த அம்மாவின் கைதட்டல் எங்கள் கைதட்டல் மாதிரி இல்லை. இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி. மலைநாட்டுப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1984 உயிர்ப்பு ஞாயிறன்று அவர் பாடியபோது அந்தப் பிள்ளைகள் வாங்குகளில் தட்டத் தொடங்க, மண்டபம் முழுவதும் அதிர்ந்தது. முன்வாங்கில் இருந்த மாஸ்டரின் மனைவி எழுந்து வெளியே போனார். ரீச்சர் என்றுதான் அவரை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே கேட்கும்படி சொன்னார்:

"உயிர்த்த நாளில தப்படிக்கினம்! இது கோயிலோ, தோட்டக்காட்டுக் கூத்துக் கொட்டகையோ?"

உள்ளே கேட்டது. அந்த அம்மாவுக்கும் கேட்டது. பாட்டு நிற்கவில்லை. சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது என்பதே என் நினைவு.

அந்த வைகாசியில் குழு கூடியது. தீர்மானத்தை மாஸ்டர் சொல்ல, நான் எழுதினேன். 'ஆராதனை வேளையில், ஆலயத்தினுள், எண்பலகையில் குறிக்கப்படாத எந்தப் பாட்டும் பாடப்படலாகாது.' உபதேசியார் ஒருவர்தான் எதிர்த்துக் கை தூக்கினார். நான் தூக்கவில்லை. செயலாளருக்கு வாக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தது. பிறகு சபையின் சட்ட யாப்பை எடுத்துப் பார்த்தேன்.

தீர்மானத்தை அவருக்கு அறிவிக்கும் வேலையும் என்னிடமே வந்தது. அவர் வாய்க்கால் கரையோர வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று வாசித்துக் காட்டினேன். சேற்றுக் கையோடு நிமிர்ந்து கேட்டார்.

"நான் வாய மூடிக்கிறேங்க. அவரு தொறந்துட்டா?"

"அக்கா, குழுவின்ர முடிவு..."

"நீங்கதான் தபாலய்யாவாச்சே. அவருக்கு ஒரு கடுதாசி போட்டுருங்க, இனிமே அந்தப் பொம்பள வாயத் தொறக்காதீங்கன்னு."

திரும்பக் குனிந்தார். நான் சைக்கிளை எடுக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தபாலய்யா, அதுல என்னா எழுதியிருக்குன்னீங்க? உள்ளன்னா?"

"ஓம். ஆலயத்தினுள்."

"அப்ப சரிங்க."

அடுத்த ஞாயிறு அவர் பாயில் இருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். இரண்டாம் வேதபாகம் வாசிக்கும்போது எழுந்தார், முற்றத்தில் இறங்கி வேப்பமரத்தடியில் நின்று பாடினார், முடித்தார், திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். எங்கள் யன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. ஒரு சொல்லும் தப்பாமல் உள்ளே வந்தது.

குழு மீண்டும் கூடி, 'ஆலயத்தினுள்' என்பதை 'ஆலய வளவினுள்' என்று திருத்தியது. அந்த ஞாயிறு அவர் படியிலிருந்து எழுந்து, வளவைக் கடந்து, வாய்க்காலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, அக்கரைக் கட்டில் ஏறி நின்று பாடினார். முன்னிலும் உரக்கப் பாடவேண்டியிருந்தது. பாடினார். நனைந்த சேலையோடு திரும்பி வந்து படியில் இருந்தார். மாஸ்டர் மூன்றாவது திருத்தத்துக்கு வாய் எடுத்தபோது நான் முதன்முதலாகப் பேசினேன்.

"மாஸ்டர், வாய்க்கால் நீர்ப்பாசனக் கந்தோருக்குச் சொந்தம். எங்கட தீர்மானம் அங்க செல்லாது."

உபதேசியார் சிரிப்பை இருமி மறைத்தார். மாஸ்டர் கோபத்தை மறைக்கவில்லை. "நீரும் அவவோட சேந்திட்டீரோ?" என்றார். பதிவேட்டைத் திறந்து காட்டினார். அந்த ஞாயிறுகளுக்கு நேரே நான் 'எண் இல்லை (வெளியே)' என்று எழுதியிருந்தேன்.

"வெளியில நடக்கிறது பதிவேட்டுக்கு எதுக்கு?"

"சத்தம் உள்ளுக்கு வந்தது, மாஸ்டர்."

மாதக் கடைசியில் தலைவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திட்டார். ஆனால் இரண்டு ஆண்டுக்கு எங்களிருவருக்கும் இடையில் வேறு கதைபேச்சு இருக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் மாஸ்டரின் மகன் காணாமற்போனான். 1985 ஆவணி. பத்தொன்பது வயது. வவுனியாவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று காலையில் சைக்கிளை உறவினர் வீட்டில் விட்டு பஸ் ஏறியவன் வரவில்லை. இயக்கத்துக்குப் போனான் என்றார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள். நெளுக்குளத்தில் கண்டதாக ஒருவர், இந்தியாவுக்குப் படகேறினதாக ஒருவர். கார்த்திகையில் உறவினர்கள் நினைவு ஆராதனை வைக்கலாமா என்று மெல்லக் கேட்டபோது ரீச்சர் அவர்களை வீட்டை விட்டுத் துரத்தினார். அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

1986 பங்குனி, மூன்றாம் ஞாயிறு. அறுவடைத் திருநாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மூத்த குருவானவர் வந்திருந்தார். காலபோகம் நல்ல விளைச்சல். மண்டபம் நிறைந்து முற்றம் வரை சனம். நான்காவது பாட்டு எண் 146. நெற்கதிர்களைப் பீடத்துக்குக் கொண்டுபோகும்போது பாடும் நன்றிப் பாட்டு. எங்கள் புத்தகத்தில் அதற்கு மூன்று தள்ளி, எண் 149, அடக்கப் பாட்டு. குழி மூடும்போது பாடுவது. நான் சனிக்கிழமை அந்தத் தகட்டைத் திருப்பிக் கொளுவியிருந்தேன்.

குருவானவர் பலகையைப் பார்த்து, "நூற்று நாற்பத்தொன்பது" என்று அறிவித்தார். புத்தகங்கள் புரளும் சத்தம். மாஸ்டர் ஆர்மோனியத்தில் கை வைத்தபடி பலகையைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தொடங்கலாமா என்று கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.



பலகையில் உள்ளதைத் தவிர எதையும் பாடக்கூடாது என்று எழுதுவித்தவர் அவர். வாசித்தார். சனமும் பாடியது! கையில் கதிர்க்கட்டு, வாயில் அடக்கப் பாட்டு. பலகை சொன்னால் பாடுகிற சனம் நாங்கள். அப்படித்தான் நாங்கள் அவர்களைப் பழக்கியிருந்தோம். இரண்டு சரணம் வரை ஒருவரும் நிறுத்தவில்லை. எனக்குப் பிழை விளங்கியது. விளங்கியும் நான் எழும்பவில்லை.

மூன்றாம் சரணத்தில் ரீச்சர் எழுந்தார்.

"நிப்பாட்டுங்கோ! ஆருக்குப் பாடுறியள்?"

ஆர்மோனியம் இன்னும் ஒரு வரி போனது. மாஸ்டரின் கைக்கு நிற்கத் தெரியவில்லை.

"ஆர் செத்தது? என்ர பிள்ளைக்கோ பாடுறியள்? ஆர் கண்டது? கண்டவை எழும்பிச் சொல்லுங்கோ. ஆர் கண்டது?"

பிறகு ஆர்மோனியம் நின்றது. துருத்தியிலிருந்து காற்று வெளியேறும் சத்தம் மட்டும். கதிரோடு நின்றவர்கள் முன்னால் போவதா திரும்புவதா என்று தெரியாமல் நின்றார்கள். ரீச்சரைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை.

வாசற்படியில் இருந்த அம்மா எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இருபத்திரண்டு மாதமாக அப்படித்தானே நடந்தது. அவர் உள்ளே வந்தார். செருப்பில்லாத காலோடு, நடுவழியால், கதிர்களை ஒதுக்கிக்கொண்டு, முன்வாங்கு வரைக்கும்.

குருவானவர் கையை உயர்த்தினார். "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ..."

"நீங்க இருங்கய்யா. இது ஒங்களுக்கு இல்ல."

ரீச்சருக்கு முன்னால் நின்று கைதட்டினார். இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி.

சொற்களை நான் எழுதமாட்டேன். என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பையனின் பெயர் இருந்தது. அவனுடைய சைக்கிளின் ஒற்றைப் பெடல் இருந்தது. மாஸ்டர் வீட்டு வயலில் நடவு நாளில் தண்ணீர் கேட்டபோது, கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றிய ஒரு கை இருந்தது. அது யாருடைய கை என்பது முன்னால் நின்ற ரீச்சருக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், வீட்டார் குடிக்கும் செம்பையே எடுத்துவந்து நீட்டிய பையன் இருந்தான். அவன் இறந்தான் என்றும் இல்லை, வருவான் என்றும் இல்லை. அவன் இப்போது எங்கே என்று ஆண்டவரைக் கேட்கும் கேள்வி இருந்தது. கெஞ்சிக் கேட்கவில்லை. வேலை செய்த நாளுக்குப் பெயர் பதியாமல் விட்ட கங்காணியை மறித்து நியாயம் கேட்பதைப்போல் கேட்டார். எல்லோர் கணக்கையும் வைத்திருக்கிறவர் நீர், இவனை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர், எடுத்துக் காட்டும் என்ற பொருளில் வந்தது. நான் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

மலைநாட்டுப் பிள்ளைகள் வாங்குகளில் தட்டத் தொடங்கினார்கள். மெதுவாகத்தான். பிறகு முன்வாங்கிலும் தட்டும் சத்தம் கேட்டது. ரீச்சர் இரண்டு உள்ளங்கையாலும் வாங்கின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார், அதே தாளத்தில். அழவில்லை. அவரும் கேட்டுக்கொண்டிருந்தார், அந்தக் கேள்வியை. மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. பதினொன்றுக்கு ஒரு வரியின் நடுவில் நின்றது.

"அவ்வளவுதாங்க" என்றார். வந்த வழியே போய்ப் படியில் உட்கார்ந்தார்.

பின்னறையில் குருவானவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "செயலாளர், 146 எண்டு எழுதிவிடுங்கோ. பதிவேடு மேலிடத்துக்கும் போறது."

நான் பேனையைத் திறந்தேன். மாஸ்டர் கதவருகே சட்டைக் கையைக் கீழே இறக்கிக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நடந்ததை எழுதும்."

எழுதினேன். '149 (பலகைப் பிழை, செயலாளரின் தவறு). மூன்றாம் சரணத்தில் நின்றது. பின்னர்: எண் இல்லை. உள்ளே.'

அடுத்த சனிக்கிழமை பலகைக்குப் போனபோது மாஸ்டர் எனக்கு முன்னரே அங்கே நின்றார். "மூண்டு கொளுவினால் காணும். நாலாவதை வெறுமையா விடும்" என்றார். தீர்மானம் நீக்கப்பட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை மூன்று பாட்டு முடிந்தது. நான்காவது வரிசை வெறும் பலகை. சனம் காத்திருந்தது. ரீச்சர் திரும்பி வாசலைப் பார்த்தார். யாரோ இருமினார்கள். மூன்று நிமிடம் போனது. நான் எழுந்து வாசலுக்குப் போய்க் குனிந்தேன்.

"அக்கா, உங்களுக்கெண்டுதான் இடம் விட்டிருக்கு."

"பாத்தேங்க. நல்லாத்தான் விட்டிருக்கீங்க."

"பாடுங்கோவன்."

"பாய் விரிச்சு வச்சா அவரு வந்து ஒக்காந்துக்குவாருன்னு யாரு சொன்னா?"

அன்று அவர் பாடவில்லை. அதற்கடுத்த கிழமை நான் அறிவித்தல்கள் வாசித்துக்கொண்டிருந்தேன். கிராமசேவகர் கந்தோர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்ற வரியில் கைதட்டல் தொடங்கியது. நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த அறிவித்தல் முடிக்கப்படவேயில்லை.

ஓர் ஒப்புதல். அறுவடை ஞாயிறன்று வீட்டுக்குப் போனதும் நான் அந்தப் பாட்டை எழுதினேன். நினைவில் நின்ற முப்பத்திரண்டு வரி. அதை வைத்திருக்க மனம் உறுத்தியதால் ஒரு நாள் அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"படிங்க பாப்போம்" என்றார்.

தபால் கந்தோர் வாசலில் நின்று படித்தேன். தலையைச் சரித்து, மிகக் கவனமாக, கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு பாடுனது?"

பகிடிக்குக் கேட்கவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் சிரித்தார். அந்தத் தாளை அவருக்கு முன்னாலேயே கிழித்தேன்.

1988 ஐப்பசிக்குப் பிறகு இடாப்பில் அவருடைய பெயருக்கு நேரே வரவுக் குறி இல்லை. நெளுக்குளத்தில் மகளிடம் போனதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு எனக்கும் மாற்றல் வந்தது. மாஸ்டரின் மகனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. ரீச்சர் கடைசிவரை அவனுக்காக அடக்கப் பாட்டுப் பாட ஒருவரையும் விடவில்லை. கோபம் வரும்போதெல்லாம் வாங்கின் முதுகில் தட்டுவார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி.

சென்ற மாதம் இப்போதைய செயலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சபையின் ஆண்டு நிறைவுக்கு ஒரு பாட்டு நூல் வெளியிடுகிறார்களாம். 'அந்த மலைநாட்டு அம்மையார் அறுவடைத் திருநாளில் பாடிய புகழ்பெற்ற பாட்டை'ச் சேர்க்க விரும்புகிறார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், எழுதி அனுப்புங்கள், 212ஆம் எண்ணை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.

நினைவிருக்கிறது. முப்பத்திரண்டு வரியும் இருக்கிறது.

அன்றே பதில் எழுதி, தபால் கந்தோருக்குப் போய், முத்திரையில் திகதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்பினேன். பதில் இதுதான்:

'ஐயா, நீங்கள் கேட்கும் பாட்டு இப்போது இல்லை. அது 1986 பங்குனி மூன்றாம் ஞாயிறு, முற்பகல் பத்தே முக்கால் முதல் பதினொரு மணி வரை இருந்தது.'